தல கம்பைல் ஆகும், தளபதி ஆகாது

போன மாசம் ஒரு கோட் ரிவ்யூ, அதாவது ஒருத்தர் எழுதின ப்ரோக்ராம இன்னொருத்தர் படிச்சுப் பாத்து சரி சொல்றது. டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஜாவாங்கற ப்ரோக்ராமிங் மொழில ஒரு ஈனம் எழுதி அனுப்பியிருந்தான். லோன் அப்ளிகேஷன் எந்த நிலைமைல இருக்குன்னு சொல்றதுக்கு பெண்டிங், அப்ரூவ்ட், ரிஜக்டட்னு மூணு வேல்யூ, மூணையும் இங்கிலீஷ் சின்ன எழுத்துல போட்டிருந்தான். நான் வழக்கம்போல "எல்லாத்தையும் கேப்ஸ்ல மாத்துப்பா"ன்னு கமென்ட் போட்டேன். "ஏண்ணா?"ன்னு கேட்டான். "கன்வென்ஷன்"னு போட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு "யாரோட கன்வென்ஷன்ணா?"ன்னு வந்துச்சு பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டேன். பதினஞ்சு வருஷமா கேப்ஸ்ல எழுதிட்டு இருக்கேன், ஒரு நாள் கூட ஏன்னு யோசிச்சதில்ல.

ஈனம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஒரு விஷயத்துக்கு என்னென்ன மதிப்பு வரலாம்னு முன்னாடியே பேர் சொல்லி பட்டியல் போட்டு வச்சிடறது, கிழமைன்னா ஏழுதான், எட்டாவதா எவனும் ஒண்ண சொருக முடியாது, அவ்வளவுதான். ஆனா தமிழ் காதுக்கு அந்த வார்த்தை படுற பாடு இருக்கே, லாக்டவுன் டைம்ல வீட்லேந்து மீட்டிங் பேசிட்டு இருந்தப்ப எங்கம்மா எட்டிப் பாத்து "யாருடா அது, காலைலேந்து ஈனம் ஈனம்னு திட்டிட்டே இருக்க"ன்னு கேட்டாங்க.

சரி, கேப்ஸ் விஷயத்துக்கு வரேன். அந்த சனி ஞாயிறு முழுக்க இதுலயே உக்காந்துட்டேன். தோண்டத் தோண்ட வந்த விஷயம் என்னன்னா, ஆரம்பத்துல வெள்ளக்காரனுக்கும் ஒரே சைஸ் எழுத்துதான் இருந்துச்சு, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள. 1957ல ஐபிஎம் 704ங்கற கம்ப்யூட்டருக்கு ஃபோர்ட்ரான் மொழி வந்தப்ப ஒரு எழுத்துக்கு 6 பிட், அதுல 26 பெரிய எழுத்தும் பத்து நம்பரும் கொஞ்சம் குறியும் வந்தாலே இடம் காலி, சின்ன எழுத்துக்கு எங்க போறது. மெஷின் ஒரே மூச்சுல கையாளற துண்டு, அதாவது ஒரு வேர்டு, 36 பிட். 36ஐ 6ஆல வகுத்தா ஆறு. ஃபோர்ட்ரான்ல வேரியபிளுக்கு, அதாவது மதிப்ப போட்டு வைக்கற பெட்டிக்கு, பேரு அதிகபட்சம் ஆறெழுத்துன்னு வச்சாங்க, ஒரு பேரு ஒரு வேர்டுக்குள்ள கச்சிதமா உக்காந்துக்கும்.

எழுத்து ஒரே சைஸ்ங்கறதால, இது முழு எண்ணா தசம எண்ணாங்கற அர்த்தத்த பேருக்குள்ள எப்படி சொல்றது? முதல் எழுத்த வச்சு சொன்னாங்க. ஐ-லேந்து என் வரைக்கும் இருக்க ஆறு எழுத்துல ஒண்ணுல ஆரம்பிச்சா முழு எண், மத்தது எல்லாம் ரியல். கணக்கு வாத்தியார் அடியெழுத்தா ஐ, ஜே, கே போடுவார்ல, அந்தப் பழக்கம். இன்னிக்கும் லூப் எழுதும்போது நம்ம கை தானா ஐ-ன்னு டைப் அடிக்குதே, அதுல இந்த விதிக்கும் ஒரு பங்கு உண்டு. கடவுள்னு இங்கிலீஷ்ல வேரியபிளுக்கு பேர் வச்சா அது ஜி-ல ஆரம்பிக்கறதால ரியல் ஆயிடும், வேற மாதிரி டிக்ளேர் பண்ணாத வரைக்கும் கடவுள் நிஜம்னு ஃபோர்ட்ரான்காரங்க ஒரு ஜோக் அடிப்பாங்க, பழைய ஜோக்தான், இப்பவும் எனக்குப் பிடிக்கும்.

எழுத்துக்கு நம்பர் குடுக்கற ஆஸ்கி பட்டியல் 1963ல வந்தப்ப கூட அதுல சின்ன எழுத்து கிடையாது, 1967 திருத்தத்துலதான் உள்ள வந்துச்சு. அதுக்கப்புறம் யுனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம், சிங்கற மொழி எல்லாம் வந்து சின்ன எழுத்துல எழுத ஆரம்பிச்சாங்க, பெரிய ஏ வேற சின்ன ஏ வேறன்னு சி பிரிச்சுது. ஆனா சுத்தியிருந்த லிங்கர்கள், அதாவது ப்ரோக்ராம் துண்டுகள ஒண்ணா கோக்கற கருவிகள், எல்லாம் பழைய ஆளுங்க, சிலதுக்கு ஆறெழுத்துக்கு மேல கண்ணு தெரியாது, பெரிசு சின்னது வித்தியாசமும் தெரியாது. 1989ல வந்த சி ஸ்டாண்டர்டே, வெளிய தெரியற பேர்ல முதல் ஆறு எழுத்துக்குத்தான் கேரன்டி, கேஸ், அதாவது பெரிசு சின்னது வித்தியாசத்த லிங்கர் கண்டுக்காம விடலாம்னு எழுதி வச்சுது. காலேஜ்ல சி படிச்சவங்க எண்ணிப் பாருங்க, ஸ்டர்லென், ஸ்டர்காப்பி, ஸ்டர்கம்ப்பேர், பிரின்ட்எஃப், மேலக், இங்கிலீஷ்ல எழுதினா எல்லாம் ஆறே எழுத்து. நான் காலேஜ் படிக்கறப்ப ஏன்டா உயிரெழுத்த எல்லாம் முழுங்கிட்டு பேர் வச்சிருக்கானுங்கன்னு திட்டியிருக்கேன். யுனிக்ஸ்ல ஃபைல் உருவாக்கற கட்டளை ஒண்ணு இருக்கு, க்ரியேட், அதுல கடைசி ஈ கிடையாது. முழுசா எழுதினாலே ஆறெழுத்துதான், அதனால அதுக்கு இந்த சாக்கும் சொல்ல முடியாது. யுனிக்ஸ திரும்ப செய்யறதா இருந்தா எத மாத்துவீங்கன்னு அத உருவாக்கின கென் தாம்ப்சன்கிட்ட கேட்டப்ப, அந்த ஈ-ய சேத்துடுவேன்னாராம். மனுஷன் பெத்த புள்ளைக்கு பேர் வச்சப்ப விட்ட எழுத்து, அம்பது வருஷமா அப்படியேதான் கிடக்கு.

இப்ப ரெண்டு சைஸ் எழுத்து கைல கெடச்சாச்சு. கெடச்சத சும்மா விடுவாங்களா, பெரிய எழுத்துக்கு ஒரு வேலை குடுத்தாங்க. சி-ல மாறாத மதிப்புக்கு பேர் வைக்கணும்னா ஆரம்பத்துல ஒரே வழி மேக்ரோ. மேக்ரோங்கறது, நாம எழுதினத மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற கம்பைலர் பாக்கறதுக்கு முன்னாடியே ப்ரீப்ராசஸர்னு இன்னொரு ஆள் வந்து அந்த வார்த்தைய அழிச்சுட்டு வேற எழுத்த ஒட்டிட்டு போறது, எங்க வரைக்கும் செல்லும்ங்கற ஸ்கோப்பும் கிடையாது, என்ன வகை மதிப்புங்கற டைப்பும் கிடையாது, தெருவுல விட்ட காளை மாதிரி. அதனால "ஜாக்கிரதை, இது மேக்ரோ"ன்னு போர்டு மாட்டற மாதிரி முழு கேப்ஸ்ல எழுதுனாங்க. ஈனம் பின்னாடி வந்தது, 1978ல வந்த சி புத்தகத்தோட முதல் பதிப்புல அது மொழியோட பாகமே கிடையாது. ஈனம் வந்ததும் மேக்ரோ செஞ்சிட்டு இருந்த வேலையத்தான் அது செய்ய வந்துச்சு, அதனால மேக்ரோ போட்ட சட்டையையே இதுக்கும் மாட்டிவிட்டுட்டாங்க. ஜாவாவுக்கு ஆரம்பத்துல ஈனம் கிடையாது, ஸ்டாட்டிக் ஃபைனல் இன்ட்னு, அதாவது மாறாத முழு எண்ணா, நம்பர் நம்பரா எழுதி கேப்ஸ்ல பேர் வைப்போம், 2004ல ஜாவா 5ல ஈனம் வந்தப்ப அதே கேப்ஸ் தொடர்ந்துச்சு. ஜாவாவுல மேக்ரோவே கிடையாது! போர்டு மட்டும் இருக்கு, காளை இல்ல. தம்பி கேட்ட "யாரோட கன்வென்ஷன்"க்கு பதில் இதுதான், செத்துப்போன சி மேக்ரோவோட கன்வென்ஷன்.

அந்த ஜாவா 5 வந்தப்ப இன்னொரு கூத்தும் நடந்துச்சு. பழைய ஜாவால என்யூமரேஷன்னு ஒரு இன்டர்ஃபேஸ் இருக்கு, லிஸ்ட்ல ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கறது. அதுக்கு வேரியபிள் வைக்கறப்ப நிறைய பேர் சுருக்கமா ஈனம்னே பேர் வச்சிருந்தாங்க. திடீர்னு அது கீவேர்ட், அதாவது மொழியே தனக்குன்னு ஒதுக்கிக்கிட்ட வார்த்தை, ஆனதும் அந்த கோடு எதுவும் புது வெர்ஷன்ல கம்பைல் ஆகல. ஏறக்குறைய இதே கதை பைத்தான் மொழில 2018ல, 3.7 வெர்ஷன்ல அசின்க் முழு கீவேர்ட் ஆனப்ப, அந்தப் பேர்ல பாராமீட்டர் வச்சிருந்த லைப்ரரி எல்லாம் அலறுச்சு. நம்ம புள்ளைக்கு ஆசையா ஒரு பேரு வைப்போம், பத்து வருஷம் கழிச்சு அதே பேர்ல ஒரு சட்டம் வந்தா எப்படி இருக்கும், அப்படி.

கேப்ஸால நானே ஒரு தடவ அடி வாங்கியிருக்கேன். வேலைக்கு சேர்ந்து ரெண்டாவது வருஷம்னு நினைக்கிறேன், சி ப்ளஸ் ப்ளஸ். ப்ரோக்ராம் என்ன பண்ணுதுன்னு லாக் எழுதறதுக்கு ஒரு ஈனம், டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர்னு நாலு வேல்யூ, எல்லாம் பளிச்சுன்னு கேப்ஸ்ல. லினக்ஸ்ல ஜம்முனு ஓடுச்சு. விண்டோஸ்ல பில்ட் பண்ணா, அந்த ஈனம் எழுதின வரில சின்டாக்ஸ் எரர்னு நிக்குது, என்ன எரர்னு சொல்ல மாட்டேங்குது, கான்ஸ்டன்ட்ங்குது. கமாவ மாத்திப் பாத்தேன், செமிகோலன மாத்திப் பாத்தேன், ஃபைல அழிச்சுட்டு திரும்ப டைப் அடிச்சேன், மத்தியானம் சாப்பிடக் கூட போகல. சாயங்காலம் பக்கத்து சீட் அக்கா வந்து ஒரு பார்வை பாத்துட்டு "எரர்னு பேர் வச்சிருக்கியே, அது மேக்ரோடா"ன்னு சொல்லிட்டு காபி குடிக்க போயிட்டாங்க. விண்டோஸோட கிராஃபிக்ஸ் ஹெடர் ஒண்ணுல, அதாவது நம்ம ப்ரோக்ராம் உள்ள இழுத்துக்கற ஒரு ஃபைல்ல, எரர்ங்கற வார்த்தைக்கு சைபர்னு மேக்ரோ இருக்கு, ப்ரீப்ராசஸர் வந்து என் ஈனத்துல எரர் இருந்த இடத்துல 0ன்னு ஒட்டிட்டு போயிடுச்சு, கம்பைலர் பாக்கறப்ப டீபக், இன்ஃபோ, வார்னிங், பூஜ்யம்னு இருக்கு. அது வேற என்னதான் சொல்லும் பாவம். தப்பு என்னோடதுதான், ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பள்ளத்துல நான் போய் விழுந்தேன். லினக்ஸ் பக்கம் மட்டும் யோக்கியமான்னா அதுவும் இல்ல, எக்ஸ் 11ங்கற விண்டோ சிஸ்டத்தோட ஹெடர்ல நன், சக்சஸ், ஸ்டேட்டஸ், ட்ரூ, ஃபால்ஸ்னு மேக்ரோ இருக்கு, அதுவும் கேப்ஸ்ல கூட இல்ல, முதல் எழுத்து மட்டும் பெரிசு. போர்டு கூட மாட்டாம விட்ட காளை.

அதாவது மேக்ரோகிட்டேந்து ஜாக்கிரதையா இருக்கணும்னு வச்ச கேப்ஸ ஈனத்துக்கும் போட்டதால ஈனமே மேக்ரோ மேல போய் மோதுது. கூகுளோட சி ப்ளஸ் ப்ளஸ் ஸ்டைல் கைடுல இத வெளிப்படையாவே எழுதியிருக்காங்க, 2009 ஜனவரி வரைக்கும் ஈனம் வேல்யூவ மேக்ரோ மாதிரி கேப்ஸ்ல எழுதிட்டு இருந்தோம், பேரு மோதிக்குதுன்னு மாத்திட்டோம்னு. முன்னாடி சின்ன கே போட்டு அப்புறம் பேரு. சி ப்ளஸ் ப்ளஸ் கோர் கைட்லைன்ஸ்லயும் ஈனத்துக்கு முழு கேப்ஸ் போடாதீங்கன்னு தனி விதியே இருக்கு. ஆப்பிளோட ஸ்விஃப்ட் மொழிக்காரங்க இன்னும் தைரியம், 2016ல ஸ்விஃப்ட் 3 வந்தப்ப ஈனம் வேல்யூ எல்லாத்தையும் சின்ன எழுத்துக்கு இறக்கிட்டாங்க. தம்பி எழுதினது ஸ்விஃப்ட்ல சரி, ஜாவால தப்பு. ரஸ்ட் மொழில முதல் எழுத்து பெரிசு, இல்லன்னா கம்பைலரே வார்னிங் குடுக்கும். பைத்தான் ஒண்ணும் சொல்லாது, கேப்ஸ் அங்க வெறும் மரியாதைக்கு. மரியாதைங்கறது 2021ல 3.10ல மேட்ச், அதாவது ஒரு மதிப்ப பல கேஸோட ஒத்துப் பாக்கற வசதி, வந்தப்பதான் நிறைய பேருக்குப் புரிஞ்சுது. மேட்ச்ல ஒரு கேஸ்ல ரெட்னு கேப்ஸ்ல எழுதினா "இந்த ரெட்டோட ஒத்துப்போகுதா பாரு"ன்னு அர்த்தம்னு நாம நினைப்போம், பைத்தானோ "எது வந்தாலும் ரெட்ங்கற பேர்ல பிடிச்சு வை"ன்னு எடுத்துக்கும். நடுவுல ஒரு புள்ளி வச்சு கலர் புள்ளி ரெட்னு எழுதினாத்தான் அது ஒப்பிட்டுப் பாக்கும். பெரிய எழுத்துன்னு அது பயப்படவே இல்ல, புள்ளிக்குத்தான் பயம்.

இன்னொரு தலைவலி, சி-லயும் பாஸ்கல்ங்கற பழைய மொழிலயும் ஈனத்தோட வேல்யூ எல்லாம் ஈனத்துக்குள்ள இருக்காது, வெளிய கொட்டிடும். கலர்ல ஒரு ரெட் இருந்தா சிக்னல்லயும் ரெட் வைக்க முடியாது, ரெண்டும் ஒரே தெருவுக்கு வந்து நிக்கும். இதுக்கு பாஸ்கல் வழி வந்த டெல்ஃபிகாரங்க பண்ண வேலை நம்ம ஊர்க்காரங்களுக்கு உடனே புரியும். எங்க கிளாஸ்ல நாலு செந்தில், அதனால எஸ். செந்தில், கே. செந்தில், எம். செந்தில், ஆர். செந்தில். டெல்ஃபிலயும் அதேதான், அலைனோட வேல்யூக்கு முன்னாடி ஏஎல், ஃபான்ட் ஸ்டைலுக்கு எஃப்எஸ், அப்பா பேரோட இனிஷியல் போட்டு புள்ளைய கூப்பிடறாங்க. சி ப்ளஸ் ப்ளஸ்ல 2011ல ஈனம் கிளாஸ் வந்தப்புறம் இனிஷியல் தேவையில்ல, அப்பா பேர முழுசா சொல்லி ரெண்டு தடவ கோலன் போட்டு கூப்பிடலாம். ரெண்டு கோலன்னு சொன்னதும் ஞாபகம் வருது, வெப்சைட் எழுதற பிஹெச்பி மொழில அந்தக் குறியோட உள் பேரு பாமாயிம் நெகுடோதாயிம். ஹீப்ரூ. ரெட்டைக் கோலன்னு அர்த்தம். எஞ்சின எழுதின ஸீவ் சுராஸ்கியும் ஆன்டி குட்மன்ஸும் இஸ்ரேல்காரங்க, அவங்க ஊர் மொழில பேர் வச்சுட்டாங்க, உலகம் பூரா பிஹெச்பி எழுதினவன் எரர் மெசேஜ்ல அத பாத்து தலைய சொறிஞ்சான். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், சும்மா சொல்லல.

ப்ரோக்ராம்கள் ஒண்ணுக்கொண்ணு டேட்டா அனுப்பிக்க உதவற ப்ரோட்டோபஃப்லயும் அதே இனிஷியல் பழக்கம் உண்டு, வேல்யூ எல்லாம் வெளிய கொட்டறதால ஈனம் பேரையே முன்னாடி ஒட்டணும். அதோட இன்னொரு விதி, முதல் வேல்யூ 0 ஆ இருக்கணும், அதுக்கு அன்ஸ்பெசிஃபைட்னு பேர் வைங்கன்னு. இத நான் வெறும் சம்பிரதாயம்னு நினைச்சிட்டு இருந்தேன். முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல எவனோ, அவன் பேரு எதுக்கு, 0ங்கற இடத்துல அப்ரூவ்ட்னு வச்சிருந்தான். அந்த ஃபீல்ட அனுப்பாம விட்டா வாங்கற பக்கம் 0ன்னு எடுத்துக்கும். ஒரு பழைய ஆப் வெர்ஷன் அந்த ஃபீல்டையே அனுப்பல. கேட்காதவன், பேப்பர் குடுக்காதவன் எல்லாருக்கும் அப்ரூவல். நல்லவேளை டெஸ்ட்டிங்லயே மாட்டிக்கிச்சு, இல்லன்னா அன்னிக்கு ஊருக்கே லோன். அதுலேந்து 0க்கு நான் குடுக்கற மரியாதையே வேற.

இன்னும் ஒண்ணு, இத தம்பிக்கு சொன்னப்பதான் அவன் கண்ணு விரிஞ்சுது. பெரிய எழுத்து சின்ன எழுத்துங்கறது வச்சிருக்கவனுக்கே நிச்சயமில்ல. வெளிய இருந்து சின்ன எழுத்துல பெண்டிங்னு வருது, ஜாவால அத அப்பர்கேஸ் பண்ணி ஈனத்துல தேடறோம்னு வைங்க. உங்க மெஷின்ல ஓடும், சர்வர் துருக்கி மொழில செட் ஆகியிருந்தா செத்துடும். துருக்கில புள்ளி வச்ச ஐ, புள்ளி வைக்காத ஐ ரெண்டும் தனித்தனி எழுத்து, புள்ளி வச்ச சின்ன ஐ-ய பெரிசாக்கினா பெரிய ஐ மேலயும் புள்ளி நிக்கும். ஈனத்துல இருக்கறது புள்ளி இல்லாத பெரிய ஐ. பாக்க ஒரே வார்த்தை, ஆனா அப்படி ஒரு வேல்யூ இல்லன்னு எக்செப்ஷன். எந்த ஊர் விதிப்படி பெரிசாக்கணும்னு சொல்லி, லொக்கேல் ரூட்னு குடுத்தாத்தான் தப்பிக்கலாம்.

அப்போ அவன் கேட்டான், "நமக்கு கேப்ஸே இல்லையேண்ணா, தமிழ்ல ஈனம் எழுதினா என்ன ஆகும்?"

நல்ல கேள்வி. அன்னிக்கு ராத்திரி வீட்ல உக்காந்து ஒவ்வொரு மொழியா போட்டுப் பாத்தேன். பைத்தான் 3ல பிரச்சனையே இல்ல, 2007லயே எழுதி முடிச்ச ஒரு பெப்-படி (பைத்தான மாத்தற யோசனைய எழுதி வைக்கற ஆவணம்) ஐடென்டிஃபையர்ல, அதாவது நாம வைக்கற பேர்ல, எந்த மொழி எழுத்தும் வரலாம். கிழமைன்னு ஒரு ஈனம், ஞாயிறுலேந்து சனி வரைக்கும் ஏழு வேல்யூ, ஓட்டினா அழகா பிரின்ட் ஆகுது. கேப்ஸ் இல்ல, நடு நடுவுல பெரிய எழுத்து போடற கேமல் கேஸ் இல்ல, எவ்வளவு நிம்மதி. ஒண்ணே ஒண்ணு, மதிப்புக்கு தமிழ் எண் ௧ன்னு போட்டா திட்டும், ஆனா ஸ்ட்ரிங்குக்குள்ள, அதாவது மேற்கோள் குறிக்குள்ள, ௧ போட்டு முழு எண்ணா மாத்தச் சொன்னா 1ன்னு சமத்தா மாத்திக் குடுக்கும். பேரோட கடைசில ௧ வைக்கலாம், மதிப்பு௧ன்னு, அப்புறம் பக்கத்துலயே மதிப்புகன்னு இன்னொண்ணு வச்சீங்கன்னா ரெண்டையும் எவனாலயும் பிரிக்க முடியாது, ரிவ்யூல என்கிட்ட வந்தா நான் ராஜினாமா. ஜாவால, ஜாவாஸ்கிரிப்ட்லயும் தமிழ் பேரு ஓடும். ஆனா எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற யூனிகோட ஜாவா நார்மலைஸ் பண்ணாது, அதாவது ஒரே எழுத்த ரெண்டு விதமா அடிச்சா ஒண்ணா சேக்காது. கொடிங்கற பேர்ல கொ-வ ஒரே குறியீடாவும் அடிக்கலாம், ஒத்தைக்கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் அடிக்கலாம், ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணுதான், பைத்தானுக்கும் ஒண்ணுதான், ஜாவாவுக்கு ரெண்டு வேற வேற வேரியபிள். ஸ்ரீ இன்னும் மோசம். ஸ் போட்டும் ஸ்ரீ வரும், 2005ல யூனிகோட்ல சேத்த ஶ் போட்டும் அதே உருவம் வரும், இந்த ரெண்டையும் எந்த நார்மலைசேஷனும் சேத்து வைக்காது, பைத்தான் கூட கைய விரிச்சுடும். ஸ்ரீங்கற பேர்ல வேரியபிள் வைக்காதீங்க, சாமி குத்தம் இல்ல, பக் வரும்.

யூனிகோட்னு பேச்சு வந்ததால சொல்றேன், அதுவே ஒரு பெரிய ஈனம் மாதிரிதான், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர், ஒரு இங்கிலீஷ் பேரு, கேப்ஸ்ல. அதுல நம்ம ழ-வோட பேரு என்ன தெரியுமா? தமிழ் லெட்டர் எல் எல் எல் ஏ. ல-வுக்கு ஒரு எல், ள-வுக்கு ரெண்டு, ழ-வுக்கு மூணு. ன-வுக்கு மூணு என். தமிழுக்கே சிறப்பு ழகரம்னு மேடை போட்டு பேசறோம், அங்க போய் பாத்தா கொட்டாவி விட்ட மாதிரி பேரு. ஆய்த எழுத்துக்கு இன்னும் பிரமாதம், தமிழ் சைன் விசர்கா. தொல்காப்பியம் படிச்சவங்க யாராவது பாத்தா கோவம் வரும். ஆனா மாத்த முடியாது, ஒரு தடவ வச்ச பேர எந்தக் காரணத்துக்கும் மாத்த மாட்டோம்ங்கறது அவங்க கொள்கை, ப்ரோக்ராம்கள் அந்தப் பேர நம்பி இருக்குல்ல. ஒரு குறியோட பேர்ல பிராக்கெட்ங்கற வார்த்தையே ரெண்டு எழுத்து இடம் மாறி தப்பா இருக்கு, அதையும் அப்படியேதான் வச்சிருக்காங்க. எழுத்துப்பிழைக்கே அந்தக் கதின்னா நம்ம ஆய்தம் எந்த மூலைக்கு.

அப்புறம் கோங்கற மொழி. எங்க டீம்ல பாதி சர்வீஸ் கோ-லதான் ஓடுது, அதனால ஆசையா கிழமை ஈனத்த அதுல எழுதினேன். கோ-ல தனியா ஈனம் கிடையாது, அயோட்டான்னு ஒண்ண வச்சு எண்ணிக்கிட்டே போகணும், அது இருக்கட்டும். ஞாயிறு, முடியாது. திங்கள், முடியாது. ஏழும் முடியாது. நிறம் போட்டுப் பாத்தேன், சிவப்பு பச்சை மஞ்சள் எதுவும் ஆகல. என்னன்னு பாத்தா, கோ-வோட விதிப்படி ஐடென்டிஃபையர்ல எழுத்தும் எண்ணும் அண்டர்ஸ்கோரும்தான் வரலாம். எழுத்துன்னா யூனிகோட்ல எழுத்துன்னு வகைப்படுத்தினது மட்டும். நம்ம புள்ளி, கால், கொம்பு, கொக்கி எல்லாம் அங்க எழுத்து இல்ல, மார்க். உயிரெழுத்து உண்டு, ஆய்தம் உண்டு, அகரம் ஏறின மெய் உண்டு, மத்த உயிர்மெய்யும் புள்ளி வச்ச மெய்யும் கிடையாது. இந்தி எழுத்துக்கும் இதே கதிதான், கோ-வோட கேள்வி பதில் பக்கத்துலயே தேவநாகரி விட்டுப் போகுதுன்னு ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்க.

அப்போ புள்ளியும் இல்லாம கொம்பும் இல்லாம தமிழ்ல என்ன வார்த்தைதான் இருக்கு? எழுத்துத் தமிழ்ல ரொம்பக் கஷ்டம். மழைக்கு ஐகாரக் குறி, கடைக்கு ஐகாரக் குறி, மரத்துக்கு கடைசில புள்ளி. ஆனா பேச்சுத் தமிழுக்கு வாங்க. மழ. கட. வட. எல. தல. எல்லாம் சும்மா கும்முனு கம்பைல் ஆகுது! நம்ம வாத்தியார் எல்லாம் கொச்சைன்னு அடிச்சு திருத்தினத, கோ கம்பைலர் மட்டும்தான் இலக்கணமா எடுத்துக்கிச்சு. அந்த ஜோர்ல தளபதின்னு போட்டேன், கடைசில தி இருக்கே, கொக்கி, இன்வேலிட் கேரக்டர்னு வந்துடுச்சு. தல ஓடுது, தளபதி ஓடல. இத டீம் குரூப்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டதுதான் நான் பண்ண பெரிய தப்பு, மூணு நாள் ஸ்டாண்டப்புங்கற தினசரி மீட்டிங்கே நடக்கல, ரெண்டு கோஷ்டி ஆயிட்டானுங்க. ஒருத்தன் கோ-வ விட்டுட்டு ரஸ்ட்டுக்கு மாறணும்னு டிக்கெட்டே போட்டுட்டான். ரஸ்ட்ல 2021லேந்து தளபதி ஓடும், அது உண்மைதான்.

இதெல்லாம் ஆங்கில மொழிகள் மேல நம்ம எழுத்த ஒட்டறதால வர தொல்லை. தமிழ்லயே ப்ரோக்ராம் எழுதறதுக்கு முத்தையா அண்ணாமலை எழுதின எழில் மொழி பாத்திருக்கீங்களா, அதுல இஃப் எழுதறதுக்கு நிபந்தனை முன்னாடி, ஆனால்ங்கறது பின்னாடி, நாம பேசற வரிசைல வரும். அங்க கேப்ஸ்ங்கற பேச்சே இல்ல. அதப் பத்தி தனியா ஒரு நாள் எழுதணும்.

தல ஓடினதோட விட்டிருந்தா சந்தோஷமா முடிஞ்சிருக்கும். தம்பி அடுத்த நாள் வந்து, "அண்ணா, தல-ய வேற பேக்கேஜ்லேந்து கூப்பிட முடியலண்ணா"ன்னான். பேக்கேஜ்னா கோட சேத்து வச்சிருக்க ஒரு தொகுப்பு. ஆமா, கோ-ல பெரிய எழுத்து கன்வென்ஷன் இல்ல, இலக்கணம். பேரு கேப்பிட்டல்ல ஆரம்பிச்சாத்தான் பேக்கேஜுக்கு வெளிய தெரியும், சின்ன எழுத்துன்னா வீட்டுக்குள்ளயே இருக்கணும். ஹாஸ்கெல்ங்கற மொழில இன்னும் கறார், ஈனம் வேல்யூ பெரிய எழுத்துலதான் ஆரம்பிக்கணும், கேஸ் இல்லாத எழுத்த எல்லாம் அது சின்ன எழுத்து கணக்குல சேத்துடும். தமிழ்ல பெரிய எழுத்தே கிடையாது, அதனால கோ-வப் பொறுத்தவரைக்கும் தமிழ் பேரு எல்லாம் பொறந்ததுலேந்தே வீட்டோட. இதுக்கு வழி என்னன்னு அதே கேள்வி பதில் பக்கத்துல இருக்கு, ஜப்பானிய வார்த்தைக்கு முன்னாடி ஒரு இங்கிலீஷ் எக்ஸ் போட்டு உதாரணம் காட்டி, இது திருப்தியான வழி இல்லைதான்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

அத படிச்சு காமிச்சதும் தம்பி சிரிச்சுட்டான். அவனுக்கு போன வருஷம்தான் பாஸ்போர்ட் வந்துச்சு, நாம அப்பா பேர இனிஷியலா வச்சு காலம் தள்ளிட்டோம், அங்க சர்நேம்னு ஒரு கட்டத்த நிரப்புன்னாங்க, அப்பா பேர முழுசா அதுல எழுதி, இப்போ ஏர்போர்ட்ல எல்லாரும் அவங்கப்பாவத்தான் கூப்பிடறாங்களாம். "ஊர விட்டு வெளிய போகணும்னா கட்டத்துல எதையாவது எழுதித்தான் ஆகணும்ணா"ன்னான்.

லோன் ஈனத்த கேப்ஸ்லயே மாத்திட்டான், ஜாவா ஜாவாவாவே இருக்கட்டும்னு. ஆனா நேத்து அவன் அனுப்பின கோ கோட்ல, டெஸ்ட் ஃபைலுக்குள்ள, லிஸ்ட்டோட முதல் ஐட்டத்த எடுத்து வைக்கற இடத்துல, வேரியபிள் பேரு தல. இனிஷியல் இல்ல. பேக்கேஜ தாண்டி எங்கயும் போகப் போறதில்ல, அதனால அப்ரூவ் பண்ணிட்டேன். தளபதி கோஷ்டி இன்னும் பாக்கல.